முள்ளைப் பாடம் செய்தல்

எங்கள் வீட்டில் மீனுக்கு எலும்பு இருந்ததே இல்லை. முள்தான் இருந்தது. ஆட்டுக்கு எலும்பு, கோழிக்கு எலும்பு, மனிதருக்கும் எலும்பு. மீனுக்கு மட்டும் முள். "முள்ளைப் பார்த்துச் சாப்பிடு பிள்ளை" என்று அம்மா சொல்லாத மதியச் சாப்பாடு என் சிறுவயதில் கிடையாது. தொண்டையில் குத்தும், கோப்பையின் ஓரத்தில் ஒதுங்கும், கடைசியில் பூனைக்குப் போகும். முள் என்ற சொல்லுக்குள் எனக்கு அவ்வளவுதான் இருந்தது.

இப்போது முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு முள்ளந்தண்டுளிகள், அதாவது முதுகெலும்புள்ள விலங்குகள் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து கேட்டான்: "ரீச்சர், மீனுக்கு முள்தானே இருக்கிறது? எலும்பு இல்லாத மீனை எப்படி இதில் சேர்க்கிறார்கள்?"

வகுப்பு சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. "உன் முதுகில் இருப்பதற்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். "முள்ளந்தண்டு" என்றான். சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் முதுகைத் தொட்டுப் பார்த்தான். அவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தொட்டார்கள். நாற்பது பிள்ளைகள் தங்கள் முதுகில் முள்ளைத் தேடிய அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியாது. மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு கொடுவாத் தலை வாங்கினேன். அன்று தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை.

இறந்த உயிரின் உடலைக் கெடாமல் வைப்பதற்குத் தமிழில் 'பாடம் செய்தல்' என்று பெயர். தோலை உரித்து உள்ளே பொதிந்து நிறுத்துவதும் பாடம் செய்தல்தான், எலும்பைச் சுத்தமாக்கிக் கோத்து நிறுத்துவதும் பாடம் செய்தல்தான். ஓர் ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு என்ன வேண்டும்? நான் தோல் வேலைக்குப் போகவில்லை. மீனின் நிறம் செத்தவுடன் போய்விடுகிறது. பிறகு தோலுக்குத் தீட்டுவதெல்லாம் நம்முடைய வர்ணம். எலும்பு அப்படியல்ல, அது மீனுடையது.

முதல் கொடுவாத் தலையை நான் கெடுத்தேன். கறிக்கு அவிப்பதுபோலப் பெரிய சட்டியில் இட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தேன். மூடியைத் திறந்தபோது தலை இல்லை. சட்டியின் அடியில் நூறு துண்டுகள் கிடந்தன. மனிதத் தலையில் 22 எலும்புகள். கொடுவா போன்ற மீனின் தலையில் அதைவிட மிக அதிகம், அவற்றில் பெரும்பாலானவை நம் மண்டையோடுபோலப் பல்லுக்குள் பல்லாகப் பூட்டிக்கொண்டவையும் அல்ல. தோலும் சவ்வும் நாணும்தான் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அந்தச் சவ்வும் எலும்பினுள்ளே இருக்கும் புரதமும் கொதிநீரில் பசையாகக் கரைந்துவிடுகின்றன. பிடிப்பு போனால் தலை போயிற்று. போதாததற்கு, கொதிக்கும்போது கொழுப்பு எலும்புக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

இரண்டாவது தலையைக் கெடுத்தது வெளிற்றும் தூள். கிணற்றுக்குப் போடுவதற்கென்று வீட்டில் இருந்தது. எலும்பு ஒரே இரவில் பால்போல வெளுத்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டு மாதத்தில் அந்தத் தாடை எலும்பை எடுத்தபோது சுண்ணக்கட்டிபோல விரலில் மாவாக ஒட்டியது. குளோரின் சேர்ந்த அந்த வகை வெளிற்றிகள் எலும்பின் புரதத்தையே தின்றுவிடுகின்றன. கழுவிய பிறகும் உள்ளே ஊறிய மிச்சம் வேலையைத் தொடர்கிறது. யாராவது இதைத் தொடங்கப்போகிறீர்களென்றால் இந்த ஒன்றை மட்டுமாவது கேளுங்கள்: எலும்புக்கு அருகில் அந்தத் தூளைக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவது தலை ஒரு விரால். முத்தையன்கட்டுக் குளத்தில் பிடித்தது, என் மாணவி ஒருத்தியின் தகப்பனார் கொண்டுவந்து தந்தார். தலையையும் முதுகெலும்பையும் பிரிக்காமல் முழுதாகச் செய்ய வேண்டும் என்று அப்போதுதான் துணிந்தேன்.

குடலையும் கண்ணையும் எடுத்து, தசையைக் கத்தியால் முள்ளைத் தொடாமல் வழித்து, மிஞ்சியதைப் பழைய நைலோன் வலைத் துண்டில் சுற்றி ஒரு பிளாஸ்ரிக் வாளித் தண்ணீருக்குள் இறக்கினேன். வலைப்பை முக்கியம். பல்லும் சிறு எலும்பும் கழன்று விழுந்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். இரும்பு வாளி கூடாது, துருக் கறை எலும்பில் ஏறினால் போகாது. பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. தண்ணீரில் இருக்கும் பற்றீரியாக்கள்தான் வேலையாட்கள். குளிர் நாடுகளில் இதற்கு வாளியைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வன்னியின் வைகாசி வெயிலுக்கு அந்தத் தேவை இல்லை. வேலிக்கரைப் பூவரச நிழலில் வைத்தாலே தண்ணீர் இளஞ்சூட்டில் நிற்கும். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மட்டும் மாற்றினேன். முழுவதையும் ஊற்றிவிட்டால் வேலையாட்களும் போய்விடுவார்கள்.

நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. காற்று வீட்டுப் பக்கம் திரும்பும் நாளில் சாப்பிட முடியாது. நாயும் காகமும் பூனையும் வரும். வாளிக்கு மேலே கம்பி வலையும் அதற்கு மேலே இரண்டு செங்கற்களும் வைத்தேன். எறும்புகளுக்காக வாளியை ஒரு தண்ணீர்த் தட்டுக்குள் நிறுத்தினேன். பதினாறாம் நாள் பையைத் திறந்தபோது தசை குழம்பாகிக் கரைந்திருந்தது. மெல்லிய தூரிகையால் கழுவ, கழுவ, விரால் வெளியே வந்தது.

நான் எத்தனையோ விரால் தின்றவள். ஆனால் அன்றுதான் முதல்முறையாக விராலைப் பார்த்தேன். பாம்பினுடையதுபோலத் தட்டையான தலை. தாடையில் மட்டுமல்ல, வாயின் மேலண்ணத்திலும் பற்கள். பிடித்த தவளை பின்வாங்க வழியே இல்லை. பூக்கள் (செவுள்கள்) இருக்கும் இடத்துக்கு மேலே, மண்டையோட்டின் இரு பக்கத்திலும், ஒரு வெற்றிடம். குளம் வற்றிச் சேறாகும்போது விரால் தண்ணீருக்கு மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி அந்த அறைக்குள்தான் வைத்துக்கொள்கிறது. ஆவணி மாதத்தில் குளத்துச் சேற்றுக்குள்ளிருந்து உயிரோடு விராலை இழுத்தெடுக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த அறையைச் சுட்டிக் காட்டினால் போதும். பாடப்புத்தகம் ஒரு பக்கம் எழுதுவதை அந்த ஓட்டை சொல்லிவிடும்.

எலும்பு சுத்தமானதும் வேலை முடிந்ததாக நினைப்பவர்கள்தான் அதிகம். மீனில் நீண்ட வேலை கொழுப்பை எடுப்பதுதான். கொழுப்பை விட்டுவைத்தால் சில மாதங்களில் எலும்பு மஞ்சளாகிக் கசியும், மணக்கும், எறும்பைக் கூப்பிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். விராலுக்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது; கடற்கெளுத்தி இரண்டு மாதத்துக்கும் மேலாக எண்ணெய் விட்டது. அதற்குப் பிறகுதான் வெண்மை. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள். பாத்திரத்தை இறுக்கி மூடக்கூடாது, உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். கையுறை போடுங்கள். காயவிடுவது நிழலில், வெயிலில் வைத்தால் மெல்லிய பூமூடி எலும்பு வெடித்துச் சுருளும்.

கருவாட்டு வாடிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வண்டு இருக்கிறது. காய்ந்த மீனில் குடியேறி, மயிர் மூடிய பழுப்புப் புழுவாக ஊர்ந்து, மூட்டை மூட்டையாகக் கருவாட்டைத் தின்று தீர்த்துவிடும். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் எலும்பைச் சுத்தமாக்குவதற்கு இதே வண்டுக் குடும்பத்தைத்தான் பெட்டிகளில் வளர்க்கிறார்கள். தசையைத் தின்னும், எலும்பைப் பெரும்பாலும் தொடாது, மூட்டைப் பிரிக்காது. சூடைபோன்ற சிறு மீனுக்கு அதைவிட நல்ல கை கிடையாது. நாங்கள் மருந்தடித்துக் கொல்லும் ஒரு பூச்சிக்கு வேறொரு நாட்டில் சோறு போட்டு வளர்க்கிறார்கள் என்று படித்த அன்று நான் ஒரு பழைய பிஸ்கட் பேணியை எடுத்துக்கொண்டு வாடிக்குப் போனேன். கொண்டுவந்த புழுக்கள் ஒரு முரல் தலையை ஒன்பது நாளில் சுத்தமாக்கின. ஆனால் பேணியை வீட்டுக்குள் வைக்கவில்லை. தப்பியது அடுத்த வீட்டுக் கருவாட்டுக்குப் போனால் அவர்களின் ஒரு மாத உழைப்பு போய்விடும். வேலை முடிந்த எலும்பைப் பையில் கட்டிச் சில நாள் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் வைத்தேன், முட்டையும் சாக வேண்டும் என்பதற்காக.

அந்த முரலின் எலும்பு பச்சை. ஊசிபோல இரண்டு தாடையும் நீண்ட முரலைத் தின்றவர்களுக்கு இது தெரியும், சிலர் நஞ்சென்று பயந்து எறிந்தும் இருக்கிறார்கள். நஞ்சு இல்லை. பித்தத்தில் இருக்கும் பச்சை நிறப்பொருள் ஒன்று அதன் எலும்பில் படிகிறது. அதை நான் வெளிற்றவில்லை. பெட்டியில் மற்றவையெல்லாம் வெள்ளையாக இருக்க, முரல் மட்டும் மழைக்காலப் பாசிபோலக் கிடக்கிறது. பிள்ளைகள் முதலில் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

கெளுத்தியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கெளுத்தி குத்திய வலி தெரியாத கடற்கரைப் பிள்ளை இல்லை. பக்கச் செட்டையின் முள் விரிந்து நின்றுவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது. ஏன் மடங்காது என்று எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. எலும்பாகக் கையில் எடுத்தபோது தெரிந்தது: முள்ளின் அடியில் ஒரு வளைந்த விளிம்பு, தோள் எலும்பில் அதற்கென்றே ஒரு பள்ளம். முள்ளை விரித்து இலேசாகத் திருப்பினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் திறக்கும். கதவுத் தாழ்ப்பாளேதான். அதே கெளுத்தியின் மண்டைக்குப் பின்னால், முதுகெலும்பு தொடங்கும் இடத்தில், அரிசிக் குறுணி அளவில் சில எலும்புகள் வரிசையாக இருக்கின்றன. காற்றுப்பையின் அதிர்வை உட்காதுக்குக் கொண்டுபோகும் எலும்புகள் அவை. கெளுத்திகளிலும் கெண்டை இனங்களிலும் மட்டுமல்ல, அவற்றின் உறவினங்களிலும் உண்டு. 1820இல் ஏர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் என்ற ஜேர்மனியர் விவரித்ததால் அவர் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவற்றைச் சாவணத்தால் எடுத்து ஒரு கறுப்புக் கடதாசியில் வைத்த அன்று, மூச்சு விட்டால் பறந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

குளத்து மீன்களிலும் வியப்புக்குக் குறைவில்லை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவின் தொண்டைக்குள், பூக்களுக்குப் பின்னால், நுண்ணிய பற்கள் நிறைந்த ஒரு முக்கோண எலும்பு இருக்கிறது. வாயால் கொறித்ததைத் தொண்டையால் அரைக்கிறது. ரோகுவுக்கும் கட்லாவுக்கும் வாயில் பல்லே இல்லை, முழுவதும் தொண்டையில்தான். அந்த இரண்டையும் உண்ணும்போது நம்மை வதைக்கும் கவட்டை வடிவ முட்கள் முதுகெலும்போடு சேர்ந்தவையே அல்ல. தசைகளுக்கு இடையிலுள்ள இணைப்பிழையம் எலும்பாக மாறித் தனியே கிடப்பவை. ஆகவே மொத்தமாகக் கோத்த எலும்புக்கூட்டில் அவற்றுக்கு இடம் கொடுப்பது கடினம். நான் ஒரு சிறு போத்தலில் போட்டு, 'முள்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அந்தச் சொல் அவற்றுக்கு மட்டும் முழுதாகப் பொருந்துகிறது.

சுறாவில் எனக்குத் தோல்விதான். சுறா வறைக்குச் சதையை உதிர்க்கும்போது முள் குத்தாததன் காரணம், அதற்கு எலும்பே இல்லை, கசியிழையம் (குருத்தெலும்பு)தான். காயக் காயச் சுருங்கி முறுக்கிக்கொள்கிறது. தாடையை மட்டும் ஈர்க்குச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்துக் காப்பாற்றினேன்.

ஒருநாள் ஒரு மாணவன் ஆசையோடு ஒரு மண்டையோட்டைப் பையில் கொண்டுவந்தான். கடலாமை. கரையில் கிடந்ததாம். நம் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றின் எந்தப் பாகத்தையும் வைத்திருக்க முடியாது என்று விளக்கி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. அடுத்த கிழமை அவனுக்காகவே ஒரு பாரைத் தலையைத் தொடங்கினோம்.

இந்த வேலையை நான் முழுவதுமாக நிறுத்திய ஒரு காலமும் உண்டு. 2023 ஜூன் மாத இறுதியில், எங்கள் மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எங்கள் மண்ணில் எலும்பு என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று வெளியூராருக்கு விளக்க முடியாது. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் போருக்குப் பிறகு பிறந்தவர்கள். ஆனால் காணாமல் போய் இன்னும் தேடப்படுகிறவர்களின் படம் தொங்காத வீடுகள் அவர்களில் பலருக்கு இல்லை. நான் எலும்புப் பெட்டியைத் துணியால் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். ஆறு மாதம் இறக்கவில்லை. மீன்தானே என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இறக்கச் சொன்னது ஒரு மாணவி. ஓய்வுநேரத்தில் தனியாக வந்தாள். "ரீச்சர், ஓர் எலும்பைப் பார்த்து அது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?" என்று கேட்டாள். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்ததென்று அவளுக்கும் தெரிந்தது. பெட்டியை இறக்கி விராலையும் கொடுவாவையும் அருகருகே வைத்தேன். வடிவம், அளவு, தேய்மானம், பல், வளர்ச்சியின் தடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மீனின் தலைக்குள் இருக்கும் காதுக்கல்லையும் காட்டினேன். அது எலும்பு அல்ல, சுண்ணாம்புப் பொருள். மீன் வளர வளர அதில் வளையம் வளையமாகப் படிந்து, அதன் வயதுக்குச் சாட்சியாக இருக்கும். கத்தலை மீனில் அது பெரிதாகவே கிடைக்கும். அந்தப் பெயருக்குள் கல்லும் தலையும் இருப்பதாகவே எனக்கு எப்போதும் கேட்கும். அவள் அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் பெயர்ச்சீட்டில் மீனின் பெயர் மட்டும் எழுதுவேன். இப்போது ஒவ்வொன்றுக்கும் எந்த நீரில் பிடிபட்டது, எந்த நாள், யாருடைய வலையில், முழு நீளம் எவ்வளவு, ஆணா பெண்ணா என்பதெல்லாம் எழுதிக் கட்டுகிறேன். பென்சிலால்தான் எழுத வேண்டும், மை ஈரத்தில் ஓடிவிடும். சீட்டு இல்லாத எலும்பைப் பெட்டிக்குள் சேர்ப்பதில்லை.

கடைசியாகச் செய்தது நந்திக்கடல் கொடுவா. ஆறு கிலோவுக்கு மேல். கொடுவா ஆணாகவே வளரத் தொடங்கி, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். இதுவும் வயிற்றில் சினையோடு இருந்தது. முதல் கொடுவாவுக்குச் செய்த பாவத்தைத் தீர்ப்பதுபோல, கொதிக்காத வெந்நீரில் சில நிமிடம் மட்டும் முக்கி, ஓர் எலும்பை எடுத்தால் அதன் இடத்தை ரெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பலகையில் வரைந்து, ஊசியால் குத்தி நிறுத்தி, வலதுக்கு ஒரு பலகை, இடதுக்கு ஒரு பலகை என்று வைத்துக்கொண்டேன். கோத்து முடிக்க ஒரு பாடசாலை விடுமுறை முழுவதும் போயிற்று. ஒட்டியது வெள்ளைப் பசையால். தவறினால் வெந்நீரில் இளகும்.

என் ஐயா நந்திக்கடலில் நாற்பது வருடம் வீச்சுவலை வீசியவர். இப்போது கண் மங்கிவிட்டது. முடிந்த தலையை அவருடைய மடியில் வைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாயின் விளிம்பில் தொடங்கி, கன்னம், பூமூடி என்று இரண்டு கையாலும் தடவிக்கொண்டு வந்தார். கன்னத்துக்குக் கீழே, பூமூடிக்கு முன்னால் இருக்கும் எலும்பின் மூலையில் கொடுவாவுக்கு ஒரு வலிய முள் இருக்கும். வலையிலிருந்து கழற்றும்போது கையைக் கிழிப்பது அதுதான். அந்த இடத்துக்கு வந்ததும் ஐயாவின் விரல் நின்றது. அடுத்த பக்கத்தைத் தடவினார். மறுபடி இந்தப் பக்கம் வந்தார்.

"பிள்ளை, இது என்னைக் குத்த வேண்டிய பக்கத்தில் குத்தவில்லை" என்றார். "இரண்டையும் மாற்றி வைத்துவிட்டீர்கள்."

விளக்கருகே கொண்டுபோய்ப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வலது இடதாக இருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்தேன். இளஞ்சூடு வரும்வரை ஐயா தலையைக் கீழே வைக்கவில்லை.